‘மாறியவர்’ என்றொரு சொல்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சன், விளையாட்டு வீரராக இருந்து அறிஞராக மாறியவர் என்று படித்தேன். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? அவருடைய கலையில் இன்றைக்கு எஞ்சியிருப்பது என்ன?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ‘மாறியவர்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. பந்தைக் கீழே போட்டால்தான் புத்தகம் கைக்கு வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். இந்தப் பக்கத்தில் அந்த எண்ணத்தோடு நான் மல்லுக்கட்டுவது இது முதல் முறையல்ல.

ரோப்சன் 1898-இல் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டனில் பிறந்தார். அவருடைய தந்தை பதினைந்து வயதில் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடி, பிறகு படித்துப் பாதிரியார் ஆனவர். 1915-இல் உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்த ரோப்சன், அமெரிக்கக் கால்பந்து அணிக்கான முதல் பயிற்சி ஆட்டத்திற்குப் போனபோது, சொந்த அணியாகவேண்டிய வெள்ளை மாணவர்களே அவருடைய மூக்கை உடைத்தார்கள், தோள்மூட்டும் பிசகியது. படுக்கையிலிருந்து எழுந்து மறுபடி மைதானத்துக்கு வந்தவரின் விரல்களை ஒருவன் ஆணி பதித்த காலணியால் மிதித்தான். அடுத்த ஆட்டத்தில் ஒருவனை அப்படியே தலைக்கு மேல் தூக்கிவிட்டதாகவும், பயிற்றுநர் அலறி, ‘நீ அணியில் இருக்கிறாய்’ என்று அறிவித்த பிறகே இறக்கியதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது. அதே கல்லூரியில், அதே ஆண்டுகளில், பேச்சுப் போட்டிகளிலும் அவர் பரிசு வாங்கிக் குவித்தார். 1919-இல் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் விடைபெறும் உரையை ஆற்றியவரும் அவரே. கொலம்பியாவில் சட்டம் படித்தபோது, அக்ரன், மில்வாக்கி ஆகிய ஊர்களின் தொழில்முறை அணிகளுக்கு ஆடிக் கிடைத்த பணத்தால் படிப்புச் செலவைச் சமாளித்தார். 1923-இல் சட்டப் பட்டம் வந்தது. இதில் எந்தத் தேதியில் வீரர் போய் அறிஞர் வந்தார் என்று நான் குறிப்பது?

அவர் உண்மையிலேயே இடம் மாறியது ஒருமுறைதான், அதுவும் தள்ளப்பட்டதால். சேர்ந்த வழக்கறிஞர் அலுவலகத்தில், ஒரு கறுப்பர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்க மாட்டேன் என்று சுருக்கெழுத்தாளர் மறுத்துவிட்டார். ரோப்சன் சட்டத்தை விட்டு மேடைக்கு வந்தார். மேடைக்கு வந்த பிறகும் படிப்பை விடவில்லை என்பதுதான் நீங்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு விடை.

புகழின் உச்சியில் இருந்த 1930-களில், லண்டனில் கீழைநாட்டு மொழிகளுக்கான கல்லூரியில் சேர்ந்து ஆப்பிரிக்க மொழிகளைப் படித்தார். அந்த மொழிகளின் ஏற்ற இறக்கத்தில், சிறுவயதில் தம்மைச் சுற்றி ஒலித்த கறுப்பர்களின் ஆங்கிலப் பேச்சு கேட்டதென்றும், வீடு திரும்பியதுபோல் இருந்ததென்றும் 1934-இல் எழுதினார். ஆப்பிரிக்காவுக்கு வரலாறும் இல்லை, இலக்கணமுள்ள மொழியும் இல்லை என்று படித்தவர்களே கூசாமல் பேசிய காலம் அது. அந்தப் பேச்சுக்கு ஒரு பாடகர் அகராதியோடும் ஒலியியலோடும் மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கம்பீரக் குரல்’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

1958-இல் வெளியான தம் நூலின் பின்னிணைப்பில் அவர் முன்வைத்த வாதம் இன்னும் துணிச்சலானது: உலகத்து நாட்டார் பாடல்களுக்கெல்லாம் அடியில் ஐந்து சுர அமைப்பு ஒன்று ஓடுகிறது. நம் வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஹார்மோனியத்தில் கருப்புக் கட்டைகளை மட்டும், மூன்றாகச் சேர்ந்திருக்கும் தொகுதியின் முதல் கட்டையைச் சட்சமாக (‘ச’ என்ற அடிப்படைச் சுரமாக) வைத்து வரிசையாக அழுத்தினால் மோகன ராகம் வரும். அமெரிக்கக் கறுப்பர்களின் பக்திப் பாடல்கள் பலவற்றையும் அந்தக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம். உலகம் முழுவதற்கும் இந்த விதி பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் மேடையில் ஸ்காட்லாந்துப் பாட்டையும் சீனப் பாட்டையும் ஆப்பிரிக்கப் பாட்டையும் அவர் அடுத்தடுத்துப் பாடியதற்கு இந்தப் படிப்பே அடிப்படை.

ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைக்காகவும் பேசிய அவருடைய கடவுச்சீட்டை அமெரிக்க அரசு 1950-இல் பறித்தது. திரும்பக் கிடைத்தது 1958-இல். இடையில், 1957 மே மாதம், நியூயார்க்கில் இருந்தபடியே அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக லண்டன் அரங்கொன்றில் திரண்டவர்களுக்குப் பாடினார். கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1995-இல்; அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து.

எஞ்சியிருப்பதைக் காதால் கேட்க விரும்பினால், மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டை இரண்டு பதிவுகளில் கேளுங்கள். 1936-இல் வந்த ‘ஷோ போட்’ படத்தில், வாழச் சலித்துச் சாக அஞ்சும் கூலியாளாகத் தமக்கு எழுதித் தரப்பட்ட வரியை அப்படியே பாடுகிறார். அதற்குப் பிந்திய கச்சேரிப் பதிவுகளில், மெட்டில் ஒரு சுரமும் பிசகாமல், சாகும்வரை போராடுவேன் என்று அதே இடத்தில் பாடுகிறார். குடித்தால் சிறை என்றிருந்த வரியும், துணிந்து நின்றால் சிறை என்று ஆகியிருக்கிறது.