வாசகர் கேள்விகள்: 48 நிமிடத்தில் ஒரு கொலை வழக்கு

கேள்வி: ‘ரைனாக்ஸ்’ என்ற பழைய பிரிட்டிஷ் துப்பறியும் படத்தை என் பேரன் கணினியில் போட்டுக் காட்டினான். வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைத்துச் சாவகாசமாக உட்கார்வதற்குள் படம் முடிந்துவிட்டது. நாவலைத் தழுவிய படத்தை இவ்வளவு சுருக்கமாக, ஒருசில அறைகளுக்குள்ளேயே எடுத்தது ஏன்?
— மன்னார்குடி வாசகர்

பதில்: எல்லாம் காசுதான் காரணம். அமெரிக்கப் படங்கள் பிரிட்டனின் கொட்டகைகளை நிறைத்திருந்த காலத்தில், விநியோகஸ்தர்களும் கொட்டகைக்காரர்களும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டுப் படங்களைக் காட்டியே ஆக வேண்டும் என்று 1927-ல் அங்கே சட்டம் வந்தது. கொட்டகைகளுக்கு 5 சதவீதத்தில் தொடங்கிய அந்தப் பங்கு, 1936-ல் 20 சதவீதமாயிற்று. கணக்கை நேர்செய்ய அவசரமாக எடுத்துத் தள்ளிய இத்தகைய படங்களுக்குக் ‘கோட்டா குவிக்கி’ என்று பெயர். அவற்றுக்குப் பேசிய விலை அடிக்கு ஒரு பவுண்டு. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்பதால், 48 நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 4,300 பவுண்டு தேறும். குத்தகை நெல்லில் பதரையும் கலந்து மரக்கால் கணக்கை நிரப்புகிற கதைதான். ஆனால் அந்தப் பதரிலும் சில நல்ல மணிகள் கிடந்தன. 1931-ல் ‘ரைனாக்ஸ்’ படத்தை இயக்கிய மைக்கேல் பவல், பின்னாளில் பிரிட்டிஷ் சினிமாவின் மிகப் பெரிய இயக்குநர்களுள் ஒருவரானார்.

பிலிப் மெக்டொனால்டின் மூலநாவல் முடிவுரையில் தொடங்கி முன்னுரையில் முடிகிறது. படித்தவர் பக்கத்தைப் பின்னால் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. மிரட்டலுக்கு உள்ளான தொழிலதிபரைச் சுட்டது யார் என்பதை, இன்னும் பார்க்காதவர்களுக்காக, இங்கே சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாவலில் கடைசிப் பக்கம்வரை பிடிபடாத குற்றவாளி, இத்தகைய சிக்கனப் படங்களில் பத்தே நிமிடத்தில் எனக்குப் பிடிபட்டுவிடுகிறான். இது இயக்குநரின் குறையா?
— திருவாரூர் வாசகி

பதில்: பாதிக் குறை கஜானாவினுடையது. நாவலாசிரியருக்குப் பத்துச் சந்தேக நபர்களை உலவவிட மைச்செலவு மட்டுமே ஆகும். படத்திலோ ஒவ்வொருவருக்கும் சம்பளம் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆகவே பெயர் பெற்ற ஒரு நடிகர் வந்து, இரண்டு வரி பேசிவிட்டு, சும்மா ஓரமாக நின்றால் அவர்மீது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

தடயத்தின் பாடு இன்னும் கஷ்டம். ‘மேசைமேல் மைக்கூடு, பழைய ரசீதுகள், ஒரு சாவி, பாதி எரிந்த சுருட்டு’ என்று எழுதினால், வாசிக்கும் கண் சாவியைத் தாண்டிச் சுருட்டில் போய் நிற்கும். அதே சாவியைக் கேமரா நெருங்கிக் காட்டினால், பக்கத்து நாற்காலிக்காரர் உடனே உங்கள் முழங்கையை இடிப்பார். கெட்டிக்கார இயக்குநர் இருவர் சண்டை போடும் காட்சியில், அவர்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் அந்தச் சாவியைத் தொங்கவிட்டுவிடுவார். அதற்குச் செலவும் இல்லை. 1960 முதல் லண்டனின் மெர்ட்டன் பார்க் ஸ்டூடியோவில் எடுத்த, துப்பறியும் கதாசிரியர் எட்கார் வாலஸின் பெயர் தாங்கிய வரிசைப் படங்களில் வேறொரு சிக்கனம் உண்டு. 1932-லேயே இறந்துவிட்ட அவருடைய கதைகளைச் சமகாலத்துக்கு மாற்றியதால், பழைய உடைக்கும் பழைய மோட்டாருக்கும் ஆகும் செலவு மிச்சமாயிற்று.

கேள்வி: நம் துப்பறியும் நாவல்கள் இப்படிப் படமானதுண்டா?
— வடுவூர் வாசகர்

பதில்: வடுவூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் ஊர்ப் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது. எம். என். நம்பியார் அதில் பற்பல வேடங்களில் வருவார். எந்த வேடத்தில் வந்தாலும் அவர்தான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அடுத்து எந்த வேடம் என்பதுதான் அங்கே மர்மம்.