பொதுப்பணித்துறை ஒப்பந்தம் கையில் இருக்கும்போது புதுச்சேரி எம்.எல்.ஏ. ஆகலாமா?

கேள்வி: நான் புதுச்சேரியில் பொதுப்பணித்துறை ஒப்பந்ததாரர். வாய்க்கால் தூர் வாரும் வேலை ஒன்று பாதியில் நிற்கிறது. முடித்துக் கொடுத்த இன்னொரு வேலைக்குப் பில் பணம் வரவில்லை. ஓர் அரசு வாரியத்தில் கௌரவ உறுப்பினராகவும் இருக்கிறேன். சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க நினைக்கிறேன். ஒப்பந்தத்தை மனைவி பெயருக்கு மாற்றினால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். ஜெயித்தால் பிறகு ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளலாமா? நியமன எம்.எல்.ஏ. ஆனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: முதலில் எந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்குத் தகுதி நீக்க விதி அரசியலமைப்பின் 191-வது பிரிவில் இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் இங்கே 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தின் 14-வது பிரிவுதான் பேசும். அதோடு 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் சேரும். விதிகளின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான். முடிவெடுப்பவர் மட்டும் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்த வாய்க்கால் வேலையில்தான் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்வது இது: தன் தொழில் அல்லது வியாபாரத்தின் பகுதியாக, சம்பந்தப்பட்ட அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ அரசு எடுத்து நடத்தும் வேலையைச் செய்து கொடுக்கவோ ஒருவர் போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை அவர் தகுதியற்றவர். பாதியில் நிற்கும் வேலை நடப்பில் இருக்கும் ஒப்பந்தமே. ஆள் போட்டு வேலை செய்யவில்லை என்பதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது.

பில் நிலுவையில் இருக்கும் மற்ற வேலை பற்றிக் கவலை வேண்டாம். ஒப்பந்ததாரர் தன் பங்கை முழுதாகச் செய்து முடித்துவிட்டால், அரசு தன் பங்கைச் செய்யவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தம் நீடிப்பதாகக் கொள்ளக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பணம் தராமல் இழுப்பது அரசு. அதற்கான தண்டனை உங்களுக்கு வரக் கூடாது என்ற நியாயம்தான் இதில் இருக்கிறது. ஆனால் ‘முழுதாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலை முடிந்த பிறகும் இத்தனை மாதம் பழுது பார்த்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்து, அந்தக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் கடமை முடியவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து அந்த ஷரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பணி நிறைவுச் சான்றிதழையும் வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, பாதி வேலையை என்ன செய்வது? ஒன்று, முடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் துறையிடம் எழுதிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறைப்படி ரத்து செய்யுங்கள். இதில் கணக்கில் வரும் நாள், வேட்புமனு பரிசீலனைக்குக் குறித்த நாள். அன்றைக்கு நீங்கள் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். ‘நான் விலகுகிறேன்’ என்று ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு மனுத் தாக்கல் செய்வதை நம்பி இறங்காதீர்கள். ரத்தை ஏற்றுக்கொண்டதாகத் துறையின் எழுத்து உங்கள் கையில் இருக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு அலுவலகத்தில் அந்தக் கையெழுத்தை வாங்குவது எவ்வளவு கடினம் என்பது ஒப்பந்ததாரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போதே தொடங்குங்கள்.

மனைவி பெயருக்கு மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். சட்டம் வேட்பாளரே போட்ட ஒப்பந்தத்தைத்தான் சொல்கிறது. மனைவி தானே டெண்டர் போட்டு, தன் பணத்தில், தன் தொழிலாக எடுத்த வேலை உங்களைப் பாதிக்காது என்பது உண்மை. ஆனால் நீங்கள் எடுத்த வேலையைத் தேர்தலுக்காக அவர் பெயரில் எழுதிவைத்தால் அது பினாமி ஏற்பாடாகத்தான் பார்க்கப்படும். துறை சம்மதித்துப் புது ஒப்பந்தம் போடாமல், பழைய ஒப்பந்தத்தில் உங்கள் பொறுப்பும் தீராது. மறைக்கவும் முடியாது. வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்திலேயே நீங்களும் மனைவியும் நீங்கள் பங்குதாரராக உள்ள நிறுவனங்களும் அரசோடு செய்துள்ள ஒப்பந்தங்களைக் கேட்கிறார்கள். மற்றவர்களோடு கூட்டாக நடத்தும் பங்குதாரர் நிறுவனத்தின் பெயரில் வேலை இருந்தால், அதையும் உங்கள் சொந்த ஒப்பந்தமாகவே நினைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் அதிகாரி கவனிக்காமல் மனுவை ஏற்றுக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தோற்ற வேட்பாளரோ தொகுதி வாக்காளர் ஒருவரோ சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். தகுதியின்மை நிரூபணமானால் எத்தனை ஆயிரம் வாக்கில் ஜெயித்திருந்தாலும் தேர்தல் செல்லாது. உங்களுக்கு ஓட்டுப் போட்ட மக்களும் சேர்ந்து ஏமாறுகிறார்கள் என்பதுதான் இதில் என்னை வருத்துவது.

வாரிய உறுப்பினர் பதவிக்கு வருவோம். இது ‘ஆதாயம் தரும் பதவி’ என்ற தடை. மத்திய அரசு, மாநில அரசு, யூனியன் பிரதேச நிர்வாகம் எதன் கீழ் இருந்தாலும் பொருந்தும். ‘கௌரவ’ என்ற அடைமொழி உங்களைக் காப்பாற்றாது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜெயா பச்சன் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவராக இருந்ததால் 2006-ல் பதவி இழந்தார். பணம் எதையும் வாங்கவில்லை என்று அவர் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கினாரா என்பது கேள்வியல்ல, அந்தப் பதவிக்குப் பணப்பயன் உரியதா என்பதே கேள்வி என்றது. ஆகவே உங்கள் நியமன ஆணையைப் பாருங்கள். கூட்டத்துக்கு வந்துபோகும் செலவை ஈடுகட்டும் படி மட்டும் என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. மாதாமாதம் மதிப்பூதியம், வீடு, கார் என்று ஏதாவது இருந்தால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ராஜினாமா செய்துவிடுங்கள். ஏற்றுக்கொண்ட ஆணையையும் பரிசீலனைக்கு முன் வாங்கிவிடுங்கள். என் யோசனை, படி மட்டும்தான் என்றாலும் விலகிவிடுவது நல்லது. ஒரு வாரிய நாற்காலிக்காகத் தேர்தலையே பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஜெயித்த பிறகும் இந்தத் தடைகள் தொடரும். 9ஏ பிரிவு தேர்ந்தெடுக்கப்படுவதற்கு மட்டுமல்ல, உறுப்பினராக நீடிப்பதற்கும்தான். பதவியில் இருக்கும்போது புது டெண்டர் எடுத்தால் இருக்கை போகும். வாரியத் தலைவர் பதவி கொடுத்தால், அந்தப் பதவிக்கு விலக்கு அளிக்கும் சட்டம் இருக்கிறதா என்று கேட்காமல் பொறுப்பேற்காதீர்கள். விலக்குச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கும் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. அமைச்சர் பதவிக்கு 1963 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டெல்லியில் நாடாளுமன்றச் செயலாளர்களாக, அதாவது அமைச்சர்களுக்கு உதவும் பொறுப்பில் நியமிக்கப்பட்ட 20 எம்.எல்.ஏ.க்களை ஆதாயப் பதவி என்ற காரணத்தால் குடியரசுத் தலைவர் 2018 ஜனவரியில் தகுதி நீக்கம் செய்தார். அவர்கள் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை என்று மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவே அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

டெல்லியைப் போலவே இங்கும், தேர்தலுக்குப் பின் எழும் இந்த மாதிரிப் பிரச்சினைகளில் முடிவெடுப்பவர் குடியரசுத் தலைவர். மாநிலத்தில் ஆளுநர் செய்யும் வேலை இது; இங்கே துணைநிலை ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை. குடியரசுத் தலைவரும் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அதன்படிதான் நடக்க வேண்டும்.

கட்சித் தாவல் மட்டும் சபாநாயகர் கையில். உங்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். நாள் கணக்கு, சலுகைக் காலம் எதுவும் கிடையாது. ஆட்சிக்கு வெளியில் இருந்து ஆதரவு தருவது மட்டும் கட்சியில் சேர்வது ஆகாது. ஆனால் உறுப்பினர் சீட்டு வாங்கவில்லை என்ற வாதம் போதாது. ஹரியானா சுயேச்சைகள் விவகாரத்தில், தொலைக்காட்சிப் பேட்டிகளையும் நடத்தையையும் வைத்தே அவர்கள் கட்சியில் சேர்ந்ததாகச் சபாநாயகர் முடிவு செய்ததை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கட்சித் துண்டு போட்டு மேடையேறும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்சி மாறியே ஆக வேண்டும் என்றால், ராஜினாமா செய்து இடைத்தேர்தலில் நில்லுங்கள். அதுதான் வாக்காளருக்கும் நேர்மை.

நியமன உறுப்பினருக்கு இதில் ஒரே ஒரு சலுகை உண்டு: நியமிக்கப்படும்போது எந்தக் கட்சியிலும் இல்லாதவர், அவையில் அமர்ந்த 6 மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேரலாம். அதற்குப் பிறகு முடியாது. மற்றபடி ஒப்பந்தம், ஆதாயப் பதவி எல்லாம் அவருக்கும் அப்படியே பொருந்தும். 30 பேர் தேர்தலில் வருகிறார்கள். அதற்கு மேல் மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். அரசுப் பணியில் இருப்பவரை நியமிக்க முடியாது. புதுச்சேரி அரசின் பரிந்துரை தேவையில்லை என்றும், பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்றும் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு விழுந்தபோது நியமன உறுப்பினர்கள் எதிர்த்தரப்புக் கணக்கில் இருந்தார்கள். மக்கள் ஓட்டுப் போடாத மூன்று பேர் ஓர் ஆட்சியின் பலத்தைத் தீர்மானிக்கலாம் என்பது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம். ஆனால் இன்றைக்குச் சட்டம் அதுதான். ஒப்பந்தத்தோடு உள்ளே நுழைய அது குறுக்கு வழி ஆகாது.

மற்ற தகுதிகள் சுலபம். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும்; காரைக்கால் வாக்காளர் மாஹேயில்கூட நிற்கலாம். ஓட்டு கடலூரிலோ விழுப்புரத்திலோ இருந்தால் முடியாது, ஆகவே உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணமில்லாமல் செய்யாமல் விட்டால் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். தோற்ற சுயேச்சைகள்தான் இதைப் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள்.