வெளிநாட்டிலிருந்து சனசமூக நிலையத்துக்கு வரும் காசை இணையத்தில் எப்படிக் கணக்கு வைப்பது?

முதலில் நிலையத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் திறவுங்கோ; கணக்கு எழுதும் கூகுள் ஷீட் (இணையக் கணக்குத் தாள்) அதிலேதான் இருக்கும். செயலாளரின் சொந்த மின்னஞ்சல் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அனேகமாகச் சிக்குவது இங்கேதான்: பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும், ஜிமெயிலுக்குள் நுழையக் கூகுள் அனுப்பும் உறுதிப்படுத்தும் குறியீடு மட்டும் பழைய செயலாளரின் போனுக்கே போகும். அவர் கனடா போய்விட்டால் கதை முடிஞ்சுது. புது நிர்வாகம் பொறுப்பெடுக்கும் அன்றே ஜிமெயிலில் உள்ள போன் இலக்கத்தை மாற்றுங்கோ. போன் கையில் இல்லாதபோதும் உள்நுழையக் கூகுள் தரும் 8 இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தையும் அச்சிட்டுக் காசுப் பெட்டிக்குள் வையுங்கோ.

அனுப்புவோருக்குக் கணக்கு இலக்கம், கிளை, ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டுக் காசு வர வங்கியை அடையாளம் காட்டுவது) எல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் போகட்டும். பெயர் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே வேணும். சுருக்கினால் காசு திரும்பிப் போகக்கூடும்.

100 டொலர் அனுப்பினாலும் இடையிலுள்ள வங்கி கட்டணம் கழிக்கலாம். ஆகவே கூகுள் ஷீட்டில் ‘அனுப்பியது’, ‘வந்தது’ என இரண்டு நிரல். ஒன்றோடு நிறுத்தினால் கணக்காய்வில் இடிக்கும்.