தெருவில் நின்றால் என்ன மாறும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்காவின் 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' போராட்டம் (வால் ஸ்ட்ரீட் என்பது நியூயார்க்கில் பங்குச் சந்தை இருக்கும் தெரு, பெரிய நிதி நிறுவனங்களுக்கே அடையாளப் பெயர்) பற்றி இரண்டு பத்தி எழுதிவிட்டு, ஏற்றத்தாழ்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வருவது நல்லதுதான் என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ஆமோதித்தவர்கள் கொஞ்சம், சண்டைக்கு வந்தவர்கள் நிறைய. இந்த வாரம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை, இதையே பேசிவிடுவோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

ஒருவன் ராப்பகலாக உழைத்து நாலு காசு சேர்த்தால், அவனைப் பார்த்துக் கோஷம் போடுவதற்குப் பெயர் போராட்டமா? என்னைக் கேட்டால் இது வெறும் வயிற்றெரிச்சல். – சொந்தத் தொழில் நடத்தும் வாசகர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கூட்டம் யாரைப் பார்த்துக் கோஷம் போட்டது என்று ஒருமுறை பாருங்கள். பெரிய வங்கிகளைப் பார்த்துத்தான். திருப்பிக் கட்ட முடியுமா என்றே பார்க்காமல் வீட்டுக்கடனை வாரிக் கொடுத்து, அந்தக் கடன்களை மூட்டை கட்டி ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றி விற்று, 2008-இல் எல்லாம் சேர்ந்து சரிந்தபோது, நிதி நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் வரை செலவிட அமெரிக்க அரசு சட்டம் போட்டது. அதில் பெரும்பகுதி பிறகு அரசுக்குத் திரும்பி வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தவணை கட்ட முடியாமல் வீட்டை விட்டவர்களுக்கு அப்படித் தூக்கி நிறுத்த யாரும் வரவில்லை. "லாபம் வந்தால் உனக்கு, நஷ்டம் வந்தால் எனக்கா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. உங்களைப் போலச் சொந்தக் காசைப் போட்டுத் தொழில் நடத்துகிறவர் தோற்றால் எந்த அரசு வந்து தாங்கும்? யோசித்துப் பார்த்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

பிரான்ஸின் மஞ்சள் அங்கிப் போராட்டமும் இதே கதைதான். 2018 தொடக்கத்தில் பெரும் செல்வந்தர்கள் கட்டிவந்த சொத்து வரியை எடுத்துவிட்டு, வீடு நிலம் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு வரியை வைத்தார்கள். அதே அரசு எரிபொருள் வரியை மேலும் ஏற்றப் பார்த்தது. பேருந்தும் ரயிலும் எட்டிப் பார்க்காத இடங்களில் குடியிருந்துகொண்டு தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறவர்கள், மாதக் கடைசியில் டீசலுக்குக் காசு எண்ணுகிறவர்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சட்டப்படி ஒவ்வொரு காரிலும் இருந்தாக வேண்டிய மஞ்சள் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு சாலைச் சந்திப்புகளில் வந்து நின்றார்கள். 2018 நவம்பர் 17, முதல் நாளிலேயே நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 2,80,000 பேர். பணக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டா இத்தனை பேர் குளிரில் வந்து நிற்பார்கள்?

வால் ஸ்ட்ரீட் போராட்டம் இரண்டே மாதத்தில் கலைந்துபோனது. கோரிக்கையும் இல்லை, தலைவரும் இல்லை, பலனும் இல்லை. அதை எதற்குத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? – கல்லூரிப் பேராசிரியர்

கேட்க வேண்டிய கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் உட்கார்ந்தார்கள். பூங்கா என்று பெயரே தவிர, ஒரு ஏக்கர்கூட வராத கல் பாவிய சதுக்கம் அது. தனியார் இடம், ஆனால் பொதுமக்களுக்கு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. அதனால்தான் காவல்துறையால் உடனே கிளப்ப முடியவில்லை. அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்றதும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் எழுந்து நாலு வார்த்தை சொல்லுவார், பக்கத்தில் இருப்பவர்கள் அதையே சேர்ந்து உரக்கச் சொல்லுவார்கள், அதைக் கேட்டு அடுத்த வளையம் சொல்லும், இப்படியே கடைசி வரிசை வரை போகும். பேச்சு முடிய நேரமாகும், பொறுமை வேண்டும். எனக்குப் பிடித்தது என்னவென்றால், பேசுகிறவரின் கருத்து உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காவிட்டாலும் அதை உங்கள் வாயால் நீங்கள் சொல்லியாக வேண்டும். எதிராளியின் வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் மறுப்பது என்பது நம் விவாதங்கள் எதிலும் நான் பார்க்காத ஒன்று.

ஒரு நூலகமும் வைத்திருந்தார்கள், 5,000 புத்தகங்களுக்கு மேல் சேர்ந்தன, எல்லாம் யார் யாரோ கொடுத்தவை. நவம்பர் 15 விடிவதற்குள் காவல்துறை வந்து எல்லோரையும் அப்புறப்படுத்தியபோது கூடாரங்களோடு அந்தப் புத்தகங்களும் அள்ளப்பட்டன, பெரும்பாலானவை உருப்படியாகத் திரும்பி வரவில்லை. வழக்குப் போட்டார்கள், 2013-இல் நகர நிர்வாகம் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது.

சரி, பலன் என்ன? சட்டம் எதுவும் உடனே மாறவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நாங்கள் 99 சதவீதம்", அதாவது மேல்தட்டில் இருக்கும் ஒரு சதவீதப் பணக்காரர்கள் போக மீதிப் பேர் நாங்கள், என்ற ஒரு சொல் மிச்சமானது. சொல்தானே என்று நினைக்காதீர்கள், பெயர் இல்லாத வலியை வைத்துக்கொண்டு யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. அடுத்த ஆண்டு, 2012 நவம்பர் 29 அன்று, அதே நியூயார்க்கில் துரித உணவுக் கடை ஊழியர்கள் சுமார் 200 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 15 டாலர் சம்பளம், சங்கம் வைக்கும் உரிமை, இவ்வளவுதான் கேட்டார்கள். பைத்தியக்காரத்தனம் என்றார்கள் பலர். 2016-இல் நியூயார்க், கலிஃபோர்னியா இரண்டு மாநிலங்களும் படிப்படியாக 15 டாலருக்கு உயர்த்தச் சட்டம் போட்டன. பூங்காவில் உட்கார்ந்தவர்களால்தான் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அடுப்படியில் வெந்துகொண்டிருந்த ஊழியர்களும் அவர்களுக்குப் பின்னால் நின்ற சங்கமும் பட்ட பாடு அது. ஆனால் அவர்கள் வாயைத் திறந்தபோது ஊர் காது கொடுத்தது என்றால், அந்தக் காதைத் திறந்து வைத்ததில் பூங்காவுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஒன்றை மறைக்கக் கூடாது: நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியத்தை 2009-இல் 7.25 டாலர் ஆக்கினார்கள், அதற்கு அப்புறம் எத்தனையோ ஊர்வலம் போய்ப் பார்த்தும் அதை ஏற்ற வைக்க முடியவில்லை.

அப்படியானால் கோரிக்கையே இல்லாமல் போராடுவது சரி என்கிறீர்களா?

இல்லை. நீங்களும் பேராசிரியரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான போராட்டம் 1968-இல் அமெரிக்காவின் மெம்பிஸில் நடந்தது. குப்பை அள்ளும் தொழிலாளர்கள், ஏறக்குறைய எல்லோருமே கறுப்பினத்தவர். பிப்ரவரி 1, மழை கொட்டுகிறது. ஒதுங்க வேறு இடம் இல்லாமல் இரண்டு பேர் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் நிற்கிறார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கி இருவரையும் நசுக்கிவிட்டது. பதினோரு நாள் கழித்து சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். சங்கத்தை அங்கீகரி, சம்பளத்தைக் கூட்டு, பாதுகாப்புக்கு வழி செய் என்பது கோரிக்கை. கழுத்தில் தொங்கிய தட்டியில் "நான் ஒரு மனிதன்" என்று மட்டும் எழுதியிருந்தது. அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் நகராட்சி இறங்கி வந்தது: சங்கத்துக்கு அங்கீகாரம், சம்பள உயர்வு.

எதைக் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், தராவிட்டால் எந்த வேலை நிற்கும் என்ற மூன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குப்பை அள்ளாவிட்டால் ஊருக்கே தெரியும். பூங்காவில் உட்கார்ந்தவர்களால் வங்கிகளின் ஒரு நாள் வேலையைக்கூட நிறுத்த முடியவில்லை. தலைவர் இல்லாததைவிட இதுதான் பெரிய குறை என்பது என் எண்ணம்.

கடையை அடைத்தால் அன்றைக்கு எனக்கு வருமானம் இல்லை. கண்ணாடியை உடைத்தால் மாற்றித் தரப்போவது யார்? ஏழைக்காகப் போராடுகிறேன் என்று என் வயிற்றில் அடிப்பது என்ன நியாயம்? – சிறு வியாபாரி

நியாயமே இல்லை. இதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. தென் அமெரிக்க நாடான சீலேயில் (சிலி) 2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ ஏறியதற்கு வெடித்த கோபத்தில் பல மெட்ரோ நிலையங்கள் எரிந்தன. அடுத்த நாள் கால் கடுக்க நடந்து வேலைக்குப் போனது யார்? கார் வைத்திருந்தவரா?

ஆனால் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நான் நேர்மையாக இருக்கவில்லை என்று ஆகிவிடும். மஞ்சள் அங்கிப் போராட்டத்தில், பாரிஸில் 2018 டிசம்பர் 1 அன்று, அந்த நகரத்தின் புகழ்பெற்ற நினைவுச் சின்னமான வெற்றி வளைவுக்குள்ளேயே புகுந்து உடைத்தார்கள். சில நாட்களில் எரிபொருள் வரி உயர்வு கைவிடப்பட்டது, டிசம்பர் 10-இல் குறைந்தபட்ச ஊதியக்காரர்களுக்கு மாதம் 100 யூரோ கூடுதலாகக் கிடைக்கும் என்று அதிபர் மக்ரோன் தொலைக்காட்சியில் அறிவித்தார். "உடைத்ததால்தான் கிடைத்தது" என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அரசு பயந்தது உடைந்த கண்ணாடிக்கு என்பதைவிட, நாட்டில் பெரும்பான்மையோர் அந்த அங்கிகளின் பக்கம் இருந்ததற்கு என்றே நினைக்கிறேன். உடைப்பு கூடக்கூட அந்த ஆதரவும் தேய்ந்தது. காவல்துறை சுட்ட ரப்பர் குண்டுகளில் பிரான்ஸில் சிலருக்குக் கண் போனது, சீலேயில் நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம். கல் எறிந்தவனும் சும்மா நின்றவனும் ஒன்றாகவே அடிபட்டார்கள்.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டு இருக்கிறதே, அது போதாதா?

ஓட்டு வேண்டும், ஆனால் ஓட்டுச்சீட்டில் எது கேள்வியாக வர வேண்டும் என்பதைப் பல நேரம் தெருதான் தீர்மானிக்கிறது. சீலேயையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகரில் பத்து லட்சம் பேருக்கு மேல் ஒரே நாளில் திரண்ட பிறகுதான் புதிய அரசியல் சட்டம் வேண்டுமா என்று மக்களிடம் கேட்டார்கள். 2020-இல் 78 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் எழுதிக் கொண்டுவந்ததை 2022-இல் சுமார் 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள், 2023-இல் வந்த இரண்டாவது வரைவையும் தள்ளிவிட்டார்கள். தெருவில் நின்ற கூட்டத்தையே மொத்த மக்கள் என்று நினைத்துக்கொண்டவர்களுக்கு அது பெரிய அடி. எனக்கும் அன்று வருத்தமாகத்தான் இருந்தது.

இந்தப் போராட்டங்களுக்கு வருவது படித்த, கொஞ்சம் வசதியான பிள்ளைகள்தான். உண்மையான ஏழை அந்நேரம் வேலையில் இருப்பார். இது போலித்தனம் இல்லையா?

முதல் பாதி பெரும்பாலும் உண்மை. போலித்தனம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. வாசலில் உட்கார்ந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பொறுப்பு இல்லை, அதனால் முதல் வரிசையில் உட்கார முடிந்தது. எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்ட நண்பர் ஒருவர், இரண்டு குழந்தைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனார். பையைக் கையில் பிடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. கடைசியில் பாக்கி வந்தது, அவருக்கும் சேர்த்துத்தான் வந்தது. அவரைத் துரோகி என்று நினைத்தது என் தப்பு. அவரால் ஒரு நாள்கூட இழக்க முடியாத நிலைமை, எனக்கு முடிந்தது. முடிந்தவர் வருவதில் தப்பில்லை, வர முடியாதவரின் பெயரில் அவரைக் கேட்காமலே முடிவெடுப்பதுதான் தப்பு.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஊர்வலத்துக்குப் போகிறேன் என்கிறாள். எனக்கு அடிவயிறு கலங்குகிறது. விடட்டுமா வேண்டாமா? – ஓர் அம்மா

விடுங்கள் அம்மா. பயம் இருக்கத்தான் செய்யும், அதை அவளிடம் மறைக்கவும் வேண்டாம். போவதற்கு முன்னால் உட்காரவைத்து, "என்ன கேட்கப் போகிறீர்கள், யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவளால் உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா, பொறுப்பாளர் யார், எத்தனை மணிக்குக் கலைவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போகச் சொல்லுங்கள். அலைபேசி தொலைந்துபோனாலும் கூப்பிட ஆகும்படி உங்கள் எண்ணைப் பேனாவால் கையில் எழுதி அனுப்புங்கள். யாராவது கல்லை எடுத்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று வாக்கு வாங்குங்கள். திரும்பி வந்ததும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அங்கே யார் என்ன பேசினார்கள், எதில் அவளுக்கு உடன்பாடு இல்லை என்று கேளுங்கள். முடிந்தால் அதை எனக்கும் எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.