மே மாத வெயிலில் குளிர்ந்த சிக்கன் நூடுல்ஸ் சாலட்

கும்பகோணத்தில் எட்டுப் பேர் கூடும் மாலை விருந்துக்கு இதை மதியமே செய்துவைத்தால் நூடுல்ஸ் கட்டிதட்டிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவினால் தட்டாது.

400 கிராம் நூடுல்ஸை வேகவைத்து வடித்ததும், மேலே படிந்த மாவுப்பசை போகும்வரை அலச வேண்டும். மே மாதப் பகலில் நம் ஊர் மேல்தொட்டிக் குழாயில் வெந்நீர்தான் வரும். அதனால் குடிநீரில் ஐஸ் கட்டி போட்டு அலசுங்கள். விரலில் வழவழப்பு தட்டாமல் போனதும் நன்றாக வடித்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறிவிடுங்கள்.

எலும்பில்லாத கோழி அரைக் கிலோ போதும். இஞ்சி, உப்புப் போட்டு மெல்லிய தீயில் வேகவிட்டு, உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று பார்த்தபின் நாராகப் பிய்த்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சுவை எள்ளில்தான் இருக்கிறது. சீனச் சமையலின் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது; நம் செக்கு நல்லெண்ணெய்க்கு அந்த வாசம் வராது. இரண்டு கரண்டி எள்ளைப் பொரியும்வரை வறுத்து, உரலில் இடித்து, நல்லெண்ணெய், சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு, துளி வெல்லத்துடன் கலக்குங்கள். அருமையாக இருக்கும்!

வெள்ளரியை உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். எல்லாவற்றையும் பரிமாறும்போது மட்டுமே சேருங்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் கோழி வெளியே ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. பாத்திரத்தை ஐஸ் நிரப்பிய தாம்பாளத்தில் வையுங்கள்.