கையில் கட்டியது என்னைக் கட்டிப்போட்ட கதை

கேள்வி: ஒரு வாட்ச்சோ செயலியோ மனிதருடைய பழக்கத்தையும் நம்பிக்கையையும் மாற்றிவிடுமா?

மாற்றும். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் யாரோ ராத்திரி பதினொன்றரைக்கு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு 61 வயது, சுகர் உண்டு. போன வருடம் மகள் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். தினம் 10,000 காலடி நடக்க வேண்டும் என்று அதில் இலக்கு. எட்டினால் மணிக்கட்டில் விர்ரென்று ஓர் அதிர்வு, திரையில் வாண வேடிக்கை. டாக்டர்கள் பத்து வருடமாகச் சொல்லியும் நடக்காதவன், அந்த வாண வேடிக்கைக்காக நடந்தேன். சுகரும் இறங்கியது, அதை மறைக்கவில்லை.

ஆனால் ஒருநாள் வாட்ச் சார்ஜில் கிடந்தது. காய்கறி வாங்கத் தெருமுனை வரை போனவன், வெறும் கையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். கணக்கில் ஏறாத நடை எதற்கு என்று தோன்றிவிட்டது! வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் என்பவர் இதையே ஒரு துறையாக ஆராய்ந்தவர். ஆசை, செய்வதற்குச் சுலபம், சரியான நேரத்தில் ஒரு தூண்டல், மூன்றும் ஒன்றாகக் கூடினால் ஆள் செய்துவிடுவான் என்பார். எனக்குத் தூண்டல் கையிலேயே கட்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்தப் பத்தாயிரம் டாக்டர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1965-ல், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், ஜப்பானில் விற்ற ஒரு கருவியின் பெயரே 'மான்போ கேய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். பெயர் இலக்காகிவிட்டது. 2019-ல் சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

உடனே "மனக்கட்டுப்பாடு இல்லாதவர்" என்று எழுத வராதீர்கள். 32 வருடம் ஒருநாள் லேட்டாகாமல் ஆபீஸ் போனவன் நான். ராத்திரியில் ஹாலில் நடந்ததற்குக் காரணம், எங்கள் அப்பார்ட்மெண்ட் சங்கம் மொட்டை மாடியை ஏழு மணிக்கே பூட்டிவிடுகிறது. மாதாமாதம் மெயின்டனன்ஸ் மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். மாடி யாருடையது? சரி, அது வேறு கதை.

இப்போது மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரனைத் தூளியில் போட்டு அரை மணி நேரம் ஆட்டினேன். உட்கார்ந்த இடத்திலேயே 600 அடி ஏறியிருந்தது. வாட்ச் பார்ப்பது மணிக்கட்டு வீச்சை, கால்களை அல்ல. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிஜமாக நடந்தால் பாதிகூட ஏறுவதில்லை.

எல்லாம் தெரிந்த பிறகு இலக்கை 7,500 ஆகக் குறைத்துவிட்டேன். நேற்று ராத்திரி 7,310-ல் நின்றது. பேரன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். இருந்தாலும் போய்க் கொஞ்சம் ஆட்டிவிட்டு வந்தேன்.