வாசகர் கேள்வி – பதில்: கோதுமை இல்லாமல் வீட்டிலேயே பிரெட்

சென்ற மாதம் சிறுதானிய பேக்கிங் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, குளூட்டன் இல்லாத பிரெட் குறித்து மட்டுமே இத்தனை கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் உண்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பதாக உறுதி செய்த மருத்துவர், கோதுமையை அறவே விலக்கச் சொல்லிவிட்டார். பள்ளிக்கு சாண்ட்விச் கொண்டுபோக வேண்டும் என்று அவன் கேட்கிறான். வழக்கமாகச் செய்யும் பிரெட்டில் மைதாவுக்குப் பதிலாக அதே அளவு அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்தேன். உப்பவே இல்லை, வெந்த பிறகு கத்தி இறங்கவில்லை. என்ன காரணம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மைதாவில் உள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்கிற நெகிழ்வான வலையாக மாறுகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு அந்த வலையில் சிக்கிக்கொள்வதால் மாவு உப்புகிறது. ஓவன் சூட்டில் வலை இறுகுவதால் உப்பிய உருவம் அப்படியே நிற்கிறது. அரிசி மாவில் இப்படிப் பின்னிக்கொள்ளும் புரதம் கிடையாது. உங்கள் ஈஸ்ட் தன் வேலையைச் செய்துதான் இருக்கும். பிடித்து வைக்க ஏதும் இல்லாததால் வாயு வெளியேறியிருக்கும். எவ்வளவு நேரம் பிசைந்திருந்தாலும் இதே முடிவுதான் கிடைத்திருக்கும்.

இட்லியிலும் குளூட்டன் இல்லை, அது மட்டும் எப்படி உப்புகிறது என்று நீங்கள் கேட்கலாம். உளுந்தை அரைக்கும்போது வரும் வழவழப்பும் அதன் புரதமும் சேர்ந்து வாயுக் குமிழ்களைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் இட்லி சிறியது. ஆவியில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்து இறுகிவிடுகிறது. நாலங்குல உயரத்துக்கு எழும்ப வேண்டிய பிரெட்டோ, நடுப்பகுதி வேகும் வரை முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தன் எடையைத் தானே தாங்கி நிற்க வேண்டும். அதற்கு உளுந்தின் பிடிப்பு போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி, தண்ணீரில் ஊறியவுடன் கெட்டியான கூழாகி அந்தப் பிடிப்பைத் தருகிறது. சாந்தன் கம் என்ற பொடியும் இதே வேலையைச் செய்யும். எனக்கு இசப்கோல்தான் உகப்பு, ஏனெனில் அது தரும் மென்மை சாந்தன் கம்மில் வருவதில்லை என்பதோடு, அளவு சற்றுக் கூடினால் சாந்தன் கம் பிரெட்டைச் சவ்வு போல் ஆக்கிவிடுகிறது.

ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது மாவை மட்டும் அன்று. கோதுமை மாவுக்கு அதன் எடையில் அறுபது, எழுபது சதவீதத் தண்ணீர் போதும். இதற்கு மாவின் எடைக்குச் சமமாக, சில சமயம் சற்றுக் கூடுதலாகவும் வேண்டும். கலவை கையில் உருட்டும் பதத்தில் இராது. மெதுவடை மாவைவிடச் சற்றுத் தளர்ந்து, கரண்டியால் அள்ளி டின்னில் போடும் பதத்தில் இருக்கும். அந்தத் தளர்ச்சியைக் கண்டு பயந்து மேலும் மாவு தூவுவதே முதன்முறை செய்பவர்களின் பிரெட்டை இறுக வைக்கிறது.

கேள்வி: அளவுகளோடு ஒரு செய்முறை தர முடியுமா? என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி (சிறிய மின் ஓவன்).
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக. ஆனால் கோப்பை அளவில் தர மாட்டேன். குளூட்டன் இல்லாத மாவுகள் ஒன்றுக்கொன்று எடையில் மிகவும் வேறுபடுவதால், ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இல்லாமல் இதில் இறங்குவது வீண் செலவு.

நைசாகச் சலித்த பச்சரிசி மாவு 150 கிராம், வெள்ளைச் சோள மாவு 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வெறுமனே சோள மாவு என்று கேட்டால் பெரும்பாலும் மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கொடுப்பார்கள் என்பதால், வெள்ளைச் சோளத்தை முழுதாக அரைத்த மாவு என்று விளக்கிக் கேளுங்கள். இடியாப்ப மாவு வேண்டாம். அது ஏற்கெனவே வறுக்கப்பட்டது, தண்ணீரை வேறு விதமாக இழுக்கும். இந்த மூன்று மாவுகளோடு 7 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை, 6 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். சர்க்கரை இனிப்புக்காக அன்று, ஈஸ்ட்டுக்கு உணவாக.

வேறொரு பாத்திரத்தில் 370 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, 20 கிராம் இசப்கோல் உமியைத் தூவிக்கொண்டே கலக்குங்கள். தூவிவிட்டுப் பிறகு கலக்கலாம் என்று விட்டால் கட்டி தட்டிவிடும். தண்ணீர் விரல் வைத்தால் சுடாத சூட்டில், ஏறத்தாழ 38 டிகிரியில், இருக்க வேண்டும். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துப்போகும். பத்து நிமிடத்தில் கூழாகிவிடும் இதில் 20 மில்லி எண்ணெயும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்த்து, கலந்து வைத்த மாவைக் கொட்டி, மரக் கரண்டியாலோ கை மிக்சராலோ ஐந்து நிமிடம் நன்றாக அடித்துக் கலக்குங்கள். மால்ட் வினிகர் குளூட்டன் உள்ள பார்லியிலிருந்து வருவதால் அதைத் தவிர்க்க வேண்டும். முட்டை சாப்பிடுபவர்கள் 60 மில்லி தண்ணீரைக் குறைத்துவிட்டு இரண்டு வெள்ளைக் கருக்களை அடித்துச் சேர்த்தால், பிரெட் இன்னும் உயர்ந்து மென்மையாக வரும்.

எண்ணெய் தடவிய எட்டுக்கு நான்கு அங்குல டின்னில் மாவைப் போட்டு, நனைத்த கையால் மேற்புறத்தைச் சமப்படுத்தி மூடி வையுங்கள். கோதுமை பிரெட்டைப் போல ஒருமுறை உப்பவிட்டு, அமுக்கி, மறுபடி உப்பவிடும் வழக்கம் இங்கே கூடாது. அமுக்கினால் போன காற்று திரும்ப வராது. மாவு ஒன்றரை மடங்கு ஆனதும் ஓவனில் வைத்துவிட வேண்டும், இரண்டு மடங்குக்குக் காத்திருக்கக் கூடாது. கோடையில் இதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும். உங்கள் ஊர் மார்கழிக் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஓடிஜியை மேல், கீழ் இரு கம்பிகளும் எரியும்படி வைத்து, 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்து, கீழ்த் தட்டில் 50 முதல் 60 நிமிடம் வேகவிடுங்கள். இந்தக் கொள்ளளவில் டின்னின் மேற்புறம் கம்பிக்கு அருகில் இருக்கும் என்பதால், அரை மணி கழித்து அலுமினியத் தாளால் தளர்வாக மூடுவது நல்லது. கடைசிப் பத்து நிமிடம் டின்னிலிருந்து கவிழ்த்து எடுத்து, வெறும் கம்பித் தட்டில் வைத்தால் பக்கங்களும் காயும்.

கேள்வி: ஓவனில் அழகாக உயர்ந்த பிரெட், வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடுகிறது. அறுத்தால் உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டுகிறது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: குழிவதற்கு முதலில் நான் சந்தேகிப்பது மதுரை வெயிலைத்தான். சமையலறையில் 34, 35 டிகிரி இருக்கும் நாட்களில் மாவு நீங்கள் நினைப்பதைவிட விரைவாக உப்பி, குமிழ்களின் சுவர் மெலிந்து, ஓவனிலிருந்து வெளியே வந்ததும் தாங்க முடியாமல் அமர்ந்துவிடும். ஈஸ்ட்டைக் குறைத்துப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் டின்னைப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் தண்ணீரில் 20 மில்லி குறையுங்கள்.

பிசுபிசுப்பு வேறு விஷயம், அதற்கு இரண்டே காரணங்கள்தாம்: ஒன்று வேகவில்லை, அல்லது சூட்டோடு அறுத்துவிட்டீர்கள். மேற்புறம் சிவந்துவிட்டதால் வெந்துவிட்டது என்று கொள்ள முடியாது. குச்சி வெப்பமானியை நடுவில் குத்தினால் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும். பல ஓடிஜிகளின் திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், ஓவனுக்குள் தொங்கவிடும் ஒரு சிறு வெப்பமானி வாங்கி வைப்பது பயன் தரும். வெந்த பிறகும் உள்ளிருக்கும் ஸ்டார்ச் ஆறும்போதுதான் இறுகுகிறது. குறைந்தது இரண்டு மணி நேரம் கம்பித் தட்டில் ஆறவிடாமல் அறுத்தால், சரியாக வெந்த பிரெட்டும் வேகாததைப் போலத்தான் ஒட்டும்.

கேள்வி: கேழ்வரகு மாவு மட்டும் வைத்துச் செய்யலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: செய்யலாம், சாப்பிடுவதுதான் சிரமம். மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்கு வரை கேழ்வரகு நல்ல நிறமும் மணமும் தரும். அதற்கு மேல் போனால் பிரெட் உதிர்ந்து, நாக்கில் லேசான கசப்பு நிற்கும்.

கேள்வி: வயிற்று உப்புசத்துக்காக நானாகவே கோதுமையை நிறுத்தினேன், இப்போது நன்றாக இருக்கிறது. இனிமேலும் பரிசோதனை தேவையா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தேவை. இது சமையல் பகுதி என்றாலும் இதை வலியுறுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, குளூட்டனை உண்ணும்போது உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது. உண்பதை நிறுத்திவிட்டால் அவை குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எனவே இரைப்பை, குடல் மருத்துவரைப் பார்த்து, நீங்கள் நிறுத்திய விவரத்தைச் சொல்லுங்கள். சில வாரம் மீண்டும் கோதுமை உண்ணச் சொல்லிவிட்டுப் பரிசோதிப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவும் வரை, நோயாளிகளுக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் மருத்துவ உலகம் தடுமாறிக்கொண்டிருந்தது. இன்று தெளிவாகச் சோதித்து அறிய வழி இருக்கும்போது ஊகத்தில் வாழ வேண்டியதில்லை. உங்களுக்கு இருப்பது சீலியாக் நோய்தானா என்பதைப் பொறுத்தே, அடுத்த கேள்விக்கான பதில் உங்களுக்குப் பொருந்துமா என்பது தீர்மானமாகும்.

கேள்வி: தெரு முனை மில்லில் அரிசி அரைத்து வாங்கிச் செய்கிறேன். மகளுக்கு இன்னும் வயிற்று வலி போகவில்லை. பிரெட்டில் கோதுமை ஒரு துளியும் இல்லை.
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: வலி நீடிப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அதோடு அந்த மில்லையும் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் ஒருவர் அதே இயந்திரத்தில் கோதுமை அரைத்திருந்தால், கல்லிலும் துணிக்குழாயிலும் தங்கிய மாவு உங்கள் அரிசியோடு வந்து சேரும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்த உணவைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்ல முடியாது. ஒரு கிராம் மைதாவில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. அதாவது, ஒரு கிலோ அரிசி மாவில் ஒரே ஒரு கிராம் மைதா கலந்தாலும் வரம்பைப் போல நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. முதலில் கொஞ்சம் அரிசி ஓட்டி மில்லைச் சுத்தம் செய்துகொள்கிறேன் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அதை நம்பி இருக்க முடியாது. அரிசியைக் களைந்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலியுங்கள், அல்லது குளூட்டன் இல்லாதது எனச் சான்று பெற்ற மாவை வாங்குங்கள்.

சல்லடையும் தனியாக இருக்க வேண்டும். மைதா சலித்த சல்லடையின் கண்களைக் கழுவி முழுவதும் சுத்தம் செய்வது நடவாத காரியம். மரக் கரண்டி, சப்பாத்திக் கட்டை, டோஸ்டர் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். பிரெட்டோடு நில்லாமல் மற்ற சமையலையும் பாருங்கள். ரவை, சேமியா, சம்பா கோதுமை ஆகிய மூன்றும் கோதுமைதான் என்பது பலருக்குத் தெரிந்திருந்தாலும், கடையில் விற்கும் கேழ்வரகு சேமியாவிலும் கோதுமை மாவு கலந்திருக்கக்கூடும் என்பதும், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்க்கிறார்கள் என்பதும் கவனத்துக்கு வருவதில்லை. தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் போடும் பெருங்காயம் அது. மால்ட் கலந்த சத்துப் பானங்களில் பார்லி இருக்கும். அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். இந்த பிரெட் அவருக்கு நல்லதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை. குளூட்டனை நீக்குவதால் மாவுச்சத்து குறைந்துவிடாது. வெள்ளை அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடியவை. சீலியாக் நோய் இல்லாத நிலையில் இவ்வளவு மெனக்கெட்டு இதைச் செய்து அவருக்குக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே வறண்டு உதிர்கிறது. வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெந்து இளகிய ஸ்டார்ச் நாளாக ஆக மறுபடி கட்டிப்படுவதால்தான் பிரெட் வறள்கிறது, ஃபிரிட்ஜின் குளிரில் அது மிக வேகமாக நடக்கிறது. ஃபிரீசரில் அந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே முழுவதும் ஆறிய அன்றே துண்டு போட்டு, துண்டுகளுக்கிடையே பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். வேண்டும்போது வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து, உருகக் காத்திராமல் நேராகத் தோசைக் கல்லில் மிதமான தீயில் இருபுறமும் வாட்டுங்கள். சூடு ஏறியதும் ஸ்டார்ச் மீண்டும் இளகி, பிரெட் மிருதுவாகிவிடும். சப்பாத்தி சுடும் கல்லாக இருந்தால் இதற்கென்று வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால், வாட்டிய துண்டுகள் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.